6174: பஸ் நிலையத்தில் தொடங்கிய ஒரு கணக்கு

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். மகள் எட்டாம் ஆண்டு படிக்கிறாள். பின்னேரம் ரியூஷன் முடிந்து திருகோணமலை பஸ் நிலையத்தில் நானும் அவளும் நிலாவெளிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நிற்போம். அந்த நேரத்தில் வாகன இலக்கத் தகடுகளை வைத்து ஒரு கணக்குச் செய்வது எங்கள் பழக்கம். நம் நாட்டுத் தகடுகளில் எழுத்துகளுக்குப் பிறகு நான்கு இலக்கம்தானே வருகிறது. அந்த நான்கையும் பெரிதில் இருந்து சிறிதாக ஒருமுறை, சிறிதில் இருந்து பெரிதாக ஒருமுறை எழுதிக் கழிக்க வேண்டும். வந்த விடையிலும் அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

நேற்று நின்ற ஓட்டோவில் 2083. மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியது இது:

8320 − 0238 = 8082
8820 − 0288 = 8532
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

அதற்குப் பிறகு எத்தனை தரம் செய்தாலும் 6174தான். இரண்டு மாதமாகப் பார்க்கிறோம், ஒரு தகடுகூடத் தப்பவில்லை. எல்லாம் ஏன் ஒரே இடத்தில் போய் விழுகின்றன என்று அவள் கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளங்கியவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி வாணி:
அண்ணா, தப்பிய எண் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அக்காவின் மகன் 2111 போட்டான். 2111 − 1112 = 999. பிறகு 999 − 999 = 0. அதோடு சரி, 6174 வரவில்லை.

பாலையூற்று டீச்சர்:
வாணி, அவன் கணக்கில் பிழை இல்லை, எழுதிய முறையில்தான் ஒரு சின்னக் குறை. நான்கு இடத்தையும் கடைசி வரைக்கும் காப்பாற்ற வேண்டும். 999 என்பதை 0999 என்று எழுதச் சொல்லுங்கள். இனிப் பாருங்கள்: 9990 − 0999 = 8991. 9981 − 1899 = 8082. அதற்கு மேல் உப்புவெளித் தம்பியின் ஓட்டோ போன வழிதான்: 8532, 6174.

உண்மையில் தப்புவது 1111, 2222 மாதிரி நான்கும் ஒன்றாக உள்ளவை மட்டும். அவை முதல் அடியிலேயே, அதாவது முதல் கழித்தலிலேயே, பூச்சியமாகிவிடும். மற்ற எல்லாம் 6174க்கு வந்தே தீரும். அதுவும் ஏழு அடிக்குள்.

கிண்ணியா நானா:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். 1905இல் மும்பைக்கு வடக்கே டஹாணுவில் பிறந்தவர். நாசிக் பக்கம் தேவ்லாலியில் 1962 வரை பாடசாலை ஆசிரியராக இருந்தார். முதுகலைப் பட்டம் எதுவும் படிக்கவில்லை. 6174ஐப் பற்றி 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். அவருடைய பெயர் உலகம் முழுக்கப் பரவியது அமெரிக்காவில் கணித எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975இல் தன் பத்தியில் எழுதிய பிறகுதான்.

மகளுக்குச் சொல்ல இன்னொன்று: பம்பாய்க்குப் பக்கத்தில் ஒரு ரயில் நிலையத்தில் நின்றபோது வேறொரு வகை எண்களைப் பற்றி அவருக்கு யோசனை வந்தது. அந்த ஸ்டேஷனின் பெயரையே வைத்து அவற்றை ‘டெம்லோ எண்கள்’ என்றார். இன்றைக்கு அந்த இடம் டோம்பிவிலி. பஸ் நிலையத்தில் நின்று கணக்குப் போடுவது நல்ல பழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அவர் அறிவித்த ஆண்டையே போட்டுப் பார்த்தேன். 1949: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. சரியாக ஏழு அடி. பிறந்த ஆண்டு 1905: 9351, 8172, 7443, 3996, 6264, 4176, 6174. அதுவும் ஏழு! காலமான ஆண்டு 1986க்கு ஆறு.

அன்புவழிபுரம் ரவி:
ஏழு என்றால் கன்னியா வெந்நீரூற்றிலும் ஏழு கிணறு. 6174ஐக் கூட்டினால் 18, அதைக் கூட்டினால் 9. எண் சாத்திரத்தில் 9க்குத் தனி பலம் உண்டு என்று எங்கள் பெரியப்பா சொல்வார். இதில் ஏதோ இருக்கிறது.

பாலையூற்று டீச்சர்:
ரவி, கன்னியாவின் ஏழுக்கும் இந்த ஏழுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் 9 வருவதைக் கவனித்தீர்களே, அது நல்ல கண். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் மகளுடைய கேள்விக்கும் விடை கிடைக்கும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு இலக்கங்களையும் பெரிதில் இருந்து சிறிதாக அ, ஆ, இ, ஈ என்று வைப்போம். பெரிய எண்ணில் ‘அ’ ஆயிரத்தினிடத்தில் நிற்கிறது. சிறிய எண்ணில் அதே ‘அ’ ஒன்றினிடத்தில் நிற்கிறது. கழித்தால் அதன் பங்கு 1000 − 1, அதாவது 999 மடங்கு. ‘ஈ’க்கு நேர் எதிர், 999 மடங்கு குறைகிறது. ‘ஆ’ நூறினிடத்தில் இருந்து பத்தினிடத்துக்கு வருகிறது, 90 மடங்கு. ‘இ’ 90 மடங்கு குறைகிறது. ஆகவே

விடை = 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ)

999உம் 90உம் ஒன்பதால் வகுபடும். அதனால்தான் எந்தத் தகட்டில் தொடங்கினாலும் விடை ஒன்பதின் மடங்கு. ரவியின் 9 அங்கிருந்துதான் வருகிறது.

அதைவிடப் பெரிய விசயம் ஒன்று. விடையைத் தீர்மானிப்பது நான்கு இலக்கங்கள் அல்ல, இரண்டு வித்தியாசங்கள் மட்டுமே: வெளி வித்தியாசம் (அ − ஈ), உள் வித்தியாசம் (ஆ − இ). 2083இல் வெளி 8, உள் 1. 9541 என்ற எண்ணிலும் வெளி 8, உள் 1. கழித்துப் பாருங்கள், இரண்டும் 8082தான் தரும். ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வாகனங்கள் முதல் அடியிலேயே ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

வெளி வித்தியாசம் 1 முதல் 9 வரை வரலாம். உள் வித்தியாசம் பூச்சியம் முதல் வெளி வித்தியாசம் வரை. எண்ணினால் 2 + 3 + … + 10 = 54. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எண்களும் ஒரே கழித்தலில் 54 ஆகச் சுருங்கிவிடுகின்றன.

உப்புவெளியான்:
டீச்சர், இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். 54 என்றதும் கட்டக் கொப்பியை எடுத்து ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கிவிட்டாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை.

தம்பலகாமம் தம்பி:
நான் உயர்தரம் கணிதப் பிரிவு. டீச்சர் விட்ட இடத்தில் இருந்து தொடர்கிறேன்.

கடன் வாங்கிக் கழிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெளி வித்தியாசம் வெ, உள் வித்தியாசம் உ என்று வைப்போம். உ பூச்சியம் இல்லை என்றால் விடையின் இலக்கங்கள் வரிசையாக: வெ, உ − 1, 9 − உ, 10 − வெ. அதாவது முதலும் கடைசியும் சேர்ந்தால் எப்போதும் 10. நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்தால் எப்போதும் 8. மேலே எல்லாரும் எழுதிய விடைகளைத் திரும்பப் பாருங்கள். 8082: 8 + 2, 0 + 8. 8532: 8 + 2, 5 + 3. 6264: 6 + 4, 2 + 6. உ பூச்சியம் என்றால் மட்டும் நடுவில் 99 வரும், நானாவின் 5994, 1998 மாதிரி.

இனித் தன்னையே தருகிற எண் எது? கூட்டினால் 10 வருகிற பத்து ஜோடி, 8 வருகிற எட்டு ஜோடி என்று இரண்டு இருக்கின்றன. மிகப் பெரிய இலக்கமும் மிகச் சிறிய இலக்கமும் எந்த ஜோடியில் இருக்கின்றன என்று கேட்க வேண்டும்.

இரண்டும் பத்து ஜோடியில் இருந்தால் வெ-உம் 10 − வெ-உம் கழித்து வெ வர வேண்டும். அதற்கு வெ பத்தாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னமாக. இரண்டும் ஆகாது. ஒன்று இதிலும் மற்றது அதிலும் என்றால், உள் வித்தியாசம் வெளியைவிடச் சரியாக 2 குறைவாக வரும் (5445 ஒன்றைத் தவிர, அது 1089ஐத்தான் தரும்). 1 முதல் 9 வரை போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. மிஞ்சுவது இரண்டும் எட்டு ஜோடியில் இருப்பது. அப்போது வெளி வித்தியாசம் 10 − 2உ, உள் வித்தியாசம் 2வெ − 10 (குறி எப்படி வந்தாலும் பெறுமானத்தை மட்டும் எடுங்கள்). இதற்குப் பொருந்துவது வெ = 6, உ = 2. இன்னொன்று வெ = 2, உ = 6, ஆனால் உள் வித்தியாசம் வெளியைவிடப் பெரிதாக இருக்க முடியாது, அது விழுந்துவிடும். உ பூச்சியமான ஒன்பதையும் தனியாகப் பார்த்தேன், எதுவும் தன்னைத் தரவில்லை.

வெ = 6, உ = 2 என்றால் இலக்கங்கள் 6, 1, 7, 4. ஒரே ஒரு எண்.

பாலையூற்று டீச்சர்:
அழகாக எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தன்னையே தருகிற எண் ஒன்றுதான் என்று காட்டியாயிற்று. எல்லா எண்ணும் அதற்கு வந்து சேரும் என்பது வேறு கூற்று. சில எண்கள் தங்களுக்குள்ளேயே வட்டம் சுற்றிக்கொண்டு இருக்கலாமே? அதைச் சரிபார்க்கத்தான் அந்த 54. அவற்றில் பலவற்றில் அதே இலக்கங்கள் இடம் மாறி நிற்கும். இறங்குவரிசையில் எழுதினால் 30தான் மிஞ்சும். அந்த முப்பதையும் ஒரு தாளில் பரப்பி, எது எதற்குப் போகிறது என்று அம்புக்குறி போட்டால் எல்லா அம்பும் ஒரே மரத்தின் கிளைகள் மாதிரி 7641இல் வந்து சேரும். வட்டம் ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு இந்தப் படத்தைத்தான் கீறச் சொல்லுங்கள்.

கிண்ணியா நானா:
அடிகளின் கணக்கும் உண்டு. 0001இல் இருந்து எல்லாவற்றையும் எடுத்தால் மூன்று அடியில் வருபவைதான் அதிகம், 2400. அதற்கு அடுத்தது ஏழு அடி எடுப்பவை, 2184. ஒரே அடியில் வந்து சேருபவை 383.

மூதூர் வாசகன்:
நல்ல இழை. ஆனால் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. இது 6174 என்ற எண்ணின் குணமா, நாம் எண்ணை எழுதுகிற முறையின் குணமா? தமிழில் முன்பு எண்ணை எழுதிய விதத்தைப் பாருங்கள். ஆயிரத்துக்கு ௲, நூறுக்கு ௱, பத்துக்கு ௰ என்று தனிக் குறிகள். ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு என்றால் ௬௲௱௭௰௪. வாயால் சொல்வது அப்படியே எழுத்தில் இருக்கிறது. இதில் இலக்கங்களைப் பெரிது சிறிதாக அடுக்க வழியே இல்லை. ௱ஐ முன்னால் தூக்கி வைத்தால் அது எண்ணாகவே இருக்காது. அப்படி எழுதியவர்களுக்கு இந்த எண் ஒரு சாதாரண எண்தான். எண்ணோ அப்போதும் அதே எண். ஆகவே இது எண்ணின் பெருமை அல்ல என்று நினைக்கிறேன்.

தம்பலகாமம் தம்பி:
அண்ணா சொல்வது சரி. எண்ணை எழுதுகிற அடி மாறினால், அதாவது பத்துப் பத்தாக எண்ணாமல் ஐந்தைந்தாக எண்ணினால், இந்த எண்ணும் மாறும். அடி ஐந்தில் செய்து பார்த்தேன். அங்கே 3032 தன்னையே தருகிறது: 3320 − 0233 = 3032. அது நம் வழக்கமான எழுத்தில் 392. அடி ஐந்தில் எண்ணுகிற ஊரில் 6174க்கு மதிப்பு இல்லை, 392க்குத்தான்.

பாலையூற்று டீச்சர்:
மூதூர் தம்பியின் கேள்வியை இரண்டு நாள் யோசித்தேன். ஏற்றுக்கொள்கிறேன். கப்ரேக்கரின் குணம் பத்தின் அடிக்கு உரியது. ஆனால் 6174க்கு எப்படி எழுதினாலும் போகாத குணமும் ஒன்று இருக்கிறது. அதற்கு முதன்மைக் காரணிகளைப் பார்க்க வேண்டும்.

6174 = 2 × 3 × 3 × 7 × 7 × 7. அதாவது 18 × 343.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 18, அதே 18ஆல் வகுபடுகிறது. தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’ என்று பெயர் வைத்தவரும் கப்ரேக்கரே. மகிழ்ச்சி தருவது என்று பொருள். இது மறுபடியும் எழுத்தின் குணம், விட்டுவிடுவோம். அந்த 343ஐப் பாருங்கள். 343 = 7 × 7 × 7. அதே 343 = 1 + 18 + 324. 324 என்பது 18 × 18. அப்படியென்றால்

6174 = 18 × (1 + 18 + 18²) = 18 + 18² + 18³

ஒரு பக்கம் பதினெட்டின் மூன்று அடுக்குகளைக் கூட்டுகிறோம், மறுபக்கம் ஏழின் கனத்தைப் பதினெட்டால் பெருக்குகிறோம். இரண்டும் ஒன்றாக வருகின்றன. இது ௬௲௱௭௰௪ என்று எழுதினாலும் உண்மை, கல்லில் கோடு கீறி எண்ணினாலும் உண்மை.

மூதூர் வாசகன்:
டீச்சர், இதைத்தான் தேடினேன். 1 + 18 + 18² = 7³ என்பது எவ்வளவு அரிது என்று தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒன்றில் தொடங்கி ஒரே எண்ணின் அடுக்குகளை வரிசையாகக் கூட்டி, குறைந்தது மூன்று உறுப்பாவது வைத்து, விடை ஒரு முழுமையான வர்க்கமாகவோ கனமாகவோ அதற்கு மேற்பட்ட அடுக்காகவோ வர வேண்டும். இதுவரை தெரிந்தவை மூன்றே மூன்று:

1 + 3 + 9 + 27 + 81 = 121 = 11²
1 + 7 + 49 + 343 = 400 = 20²
1 + 18 + 324 = 343 = 7³

நேகல், லுங்கிரென் என்ற இரண்டு கணித அறிஞர்களின் பெயரால் இந்தச் சமன்பாட்டை அழைக்கிறார்கள். நான்காவது ஒன்று இல்லை என்றுதான் கருதுகிறார்கள், ஆனால் முழுமையான நிறுவல் இன்னும் கிடைக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று 6174இன் வயிற்றுக்குள் இருக்கிறது! என் மறுப்பைத் திரும்பப் பெறுகிறேன். இது பெருமை உள்ள எண்தான்.

அன்புவழிபுரம் ரவி:
இரண்டு குணமும் ஒரே எண்ணில் வந்து சேர்ந்ததற்கு ஏதும் காரணம் உண்டா?

மூதூர் வாசகன்:
நான் அறிந்த வரை இல்லை, ரவி. கழித்தலில் வந்தது வேறு வழி, பதினெட்டில் வந்தது வேறு வழி. இரண்டும் ஒரு வீட்டில் சந்தித்திருக்கின்றன.

நிலாவெளி வாணி:
மூன்று இலக்கம், ஐந்து இலக்கம் என்றால் என்ன ஆகும்? அக்காவின் மகன் இப்போது ரூபாய்த் தாள்களின் தொடர் இலக்கம் வரைக்கும் போய்விட்டான்.

தம்பலகாமம் தம்பி:
மூன்று இலக்கத்தில் எல்லாம் 495க்கு வரும். நடு இலக்கம் முதல் அடியிலேயே 9 ஆகிவிடும், அதனால் நான்கு இலக்கத்தை விடச் சுலபம். இரண்டு இலக்கத்தில் நிற்கிற இடமே இல்லை: 09, 81, 63, 27, 45, திரும்பவும் 09 என்று சுற்றிக்கொண்டே இருக்கும். டீச்சர் பயந்த வட்டம் அங்கே இருக்கிறது. ஐந்து இலக்கத்திலும் அப்படித்தான், தன்னையே தருகிற எண் இல்லை. 53955உம் 59994உம் ஒன்றையொன்று தந்துகொண்டிருக்கும். அதைத் தவிர நான்கு நான்கு எண்ணாக இரண்டு வட்டம். ஆறு இலக்கத்தில் தன்னையே தருபவை இரண்டு: 549945, 631764. ஆனால் எல்லா ஆறு இலக்க எண்ணும் அவற்றுக்கு வராது, சில வட்டத்தில் மாட்டிக்கொள்ளும். நான்கு இலக்கத்தில் எல்லாம் ஒன்றில் சேர்வது எவ்வளவு அருமை என்று இதைப் பார்த்தால்தான் விளங்கும்.

உப்புவெளியான்:
மகள் மரத்தைக் கீறி முடித்துவிட்டாள். முப்பது கட்டம், நடுவில் 7641, சிவப்புப் பேனையில் சுற்று. ஆனால் இப்போது எழுதுவது அதற்காக அல்ல. தம்பி எழுதிய 631764ஐப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “அப்பா, இது 6174தான், உள்ளே ஒரு 3உம் ஒரு 6உம் போட்டிருக்கிறார்கள்” என்றாள். பார்த்தால் உண்மை. 6க்குப் பின்னால் 3, 4க்கு முன்னால் 6. நடுவில் 17 அப்படியே.

பிறகு தானாகவே இன்னொரு 3, இன்னொரு 6 போட்டு எட்டு இலக்கம் ஆக்கினாள். 63317664. கழித்தும் பார்த்தாள்:

76664331 − 13346667 = 63317664

தன்னையே தந்தது. நான் கணினியில் சரிபார்த்தேன், பிழை இல்லை. இது எப்போதும் வருமா?

பாலையூற்று டீச்சர்:
வரும். எவ்வளவு தூரம் போனாலும் வரும். 3உம் 6உம் சேர்ந்தால் 9. ஒரு ஜோடி சேர்க்கும்போது கழித்தலில் புதிதாக வருகிற இரண்டு நிரலும் அதே 3ஐயும் அதே 6ஐயும் திருப்பித் தருகின்றன, கடன் வாங்குவதிலும் எதுவும் மாறவில்லை. 495உம் இப்படித்தான் 549945 ஆகிறது, அதில் இருந்து 554999445. யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளை இதைத் தன் கண்ணால் கண்டாள் என்றால், இந்தக் கணக்கை “பரீட்சைக்கு வராது” என்று யார் சொன்னாலும் நிறுத்த விடாதீர்கள். நான் படிக்கிற காலத்தில் எனக்கு ஒருவர் அப்படித்தான் சொன்னார். ஐந்து வருசம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன்.

உப்புவெளியான்:
நன்றி டீச்சர். இன்றைக்கு மழை, பஸ் ஒரு மணித்தியாலம் பிந்தியது. நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவள் பன்னிரண்டு இலக்கத்துக்குப் போய்விட்டாள். கடைசியில் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

766666433331 − 133334666667 = 633331766664

தாளில் இடம் முடிந்துவிட்டது, நாளைக்கு வேறு தாள் கொண்டுவாருங்கள் என்கிறாள்.